புகையின் நீண்ட வால்

2014-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நகரங்களின் காற்றுத் தரம் குறித்த தொகுப்பை வெளியிட்டபோது, நுண்துகள் பட்டியலின் உச்சியில் டெல்லி இருந்தது. ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 153 மைக்ரோகிராம். 2016-இல் அடுத்த தொகுப்பு வந்தது. ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய ஈரானிய நகரமான சாபோல் 217 மைக்ரோகிராமோடு முதலிடத்துக்கு வந்துவிட்டது. குவாலியரும் அலகாபாத்தும் அதன் பின்னால் நின்றன. 2018-இல் தலைப்புச் செய்தியான பெயர் கான்பூர், அளவு 173.

நான்கே ஆண்டுகளில் மூன்று நகரங்கள் மாறி மாறி ‘உலகிலேயே மோசமான காற்று’ என்ற பட்டத்தைச் சுமந்தன. காற்று அவ்வளவு வேகமாக இடம் மாறிவிடவில்லை. எந்த நகரத்தில் எத்தனை கருவிகள் இருந்தன, எந்த ஆண்டின் கணக்கு கைக்கு வந்தது, ஆண்டின் எந்த மாதங்களில் கருவி ஓடியது என்பவைதான் மாறின. சாபோலில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறு வேறு காற்று. மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே வீசும் பலத்த காற்றுக்கு உள்ளூர்ப் பெயரே ‘120 நாள் காற்று’. ஹாமூன் ஏரிகள் வறண்டுபோன பிறகு, அந்தக் காற்று ஏரிப்படுகையின் புழுதியை நகரத்தின் மேல் கொட்டுகிறது. கான்பூரின் சிக்கலோ குளிர்காலத்தில் வருகிறது. அங்கே நிலக்கரி, விறகு, வாகனம், செங்கல் சூளை எல்லாம் சேர்ந்த புகை. இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கி வரிசைப்படுத்தும்போது முக்கியமான செய்தி காணாமல் போகிறது.

2019-இல் ராண்டல் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரை இதை நேரடியாகவே சொன்னது. நுண்துகள் மாசு உச்சத்தில் இருக்கும் நகரம் எது என்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் தலைப்பு. அவர்கள் எடுத்துக்கொண்ட 234 நாடுகள், ஆட்சிப்பகுதிகளில் 141-இல் நுண்துகளை ஒழுங்காக அளக்கும் ஏற்பாடே இல்லை. பத்து லட்சம் பேருக்கு மூன்று கருவிகளுக்கு மேல் வைத்திருந்தவை 24 மட்டுமே. சராசரி உலகக் குடிமகனுக்கும் அவருக்கு மிக அருகிலுள்ள கருவிக்கும் இடையே 220 கிலோமீட்டர்.

முதலிடம் யாருக்கு என்று சொல்ல முடியாவிட்டாலும், அளந்த இடங்களிலெல்லாம் எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது நன்றாகவே தெரியும். அந்தப் பரவலுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. பெய்ஜிங்கோ போகோட்டாவோ, வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெருக்கலின் வேலை

நுண்துகளைக் குறிக்கும் பி.எம். 2.5 என்பது ஒரு வேதிப்பொருளின் பெயரன்று. ஓர் அளவின் பெயர். 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ விட்டம் கொண்ட எல்லாத் துகள்களும் அதில் அடக்கம். புகைக்கரி, சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், கரிமச் சேர்மங்கள், மண் தூசி, கடல் உப்பு என எதுவும் அதில் இருக்கலாம். பாதிக்கு மேற்பட்ட துகள்கள் புகைபோக்கியிலிருந்து அப்படியே வராமல், வாயுக்களாக வெளியேறிக் காற்றிலேயே துகளாக மாறிய இடங்களும் உண்டு. மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்த நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை போய்விடும்.

ஒரு நகரத்தின் தினசரி நுண்துகள் அளவுகளை ஓராண்டுக்குச் சேகரித்து வரைபடமாக்கினால், பள்ளிப் பாடநூலில் வரும் மணி வடிவ வளைகோடு கிடைக்காது. மனிதர்களின் உயரத்தை வரைந்தால் அந்த மணி கிடைக்கும். நடுவில் கூட்டம், இருபுறமும் சமமான சரிவு. நுண்துகளில் கூட்டம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். வலப்பக்கம் ஒரு நீண்ட வால் இழுத்துக்கொண்டே போகும். புள்ளியியலில் இதற்கு மடக்கைசார் இயல்நிலைப் பரவல் என்று பெயர். அளவுகளை அப்படியே வரையாமல் அவற்றின் மடக்கையை எடுத்து வரைந்தால், அந்தக் கோணல் வடிவம் ஏறக்குறைய ஒழுங்கான மணியாக நிமிர்ந்துவிடும்.

இதை நுண்துகளுக்கு முன்பே வேறு மாசுகளில் கண்டிருந்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்த ரால்ஃப் லார்சன், நகரங்களின் காற்று அளவீடுகளைச் சட்ட வரம்புகளோடு பொருத்திப் பார்ப்பதற்கான ஒரு கணித மாதிரியை 1971-இல் வெளியிட்டார். மாசு அளவுகள் பெரும்பாலும் இந்தக் கோணல் பரவலையே பின்பற்றுகின்றன என்பது அதன் அடிப்படை. ஏன் அப்படி என்பதற்கு 1990-இல் வேய்ன் ஓட் ஒரு விளக்கம் தந்தார். வெளிவரும் புகை மறுபடி மறுபடி தற்செயலான விகிதங்களில் நீர்த்துப் போகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தைய அளவை ஏதோ ஒரு பின்னத்தால் பெருக்குகிறது. பல சிறு தற்செயல்கள் ஒன்றோடொன்று கூடினால் மணி வடிவம் வரும்; ஒன்றையொன்று பெருக்கினால் நீண்ட வால் வரும்.

வட இந்தியக் குளிர்காலம் இந்தப் பெருக்கலைக் கண்முன் காட்டும். மே மாதப் பிற்பகலில் டெல்லியின் தரை கொதிக்கிறது; சூடான காற்று மேலெழுந்து, புகை கலந்து பரவ இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரம் கிடைக்கிறது. ஜனவரி இரவில் தரை குளிர்ந்து, அதன் மேல் சற்றுச் சூடான காற்று அடுக்கு பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். கலப்புக்கு மிஞ்சுவது சில நூறு மீட்டர், சில இரவுகளில் அதற்கும் குறைவு. உயரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே அளவு புகை பத்து மடங்கு அடர்த்தியாகும். காற்றின் வேகமும் பாதியானால் இருபது மடங்கு. வடக்கே இமயமலை நிற்பதால் அந்தப் பக்கம் வெளியேற வழி இல்லை. மழையும் இல்லாத மாதங்கள்.

இதோடு இன்னொரு காரணியும் வந்து பெருகுகிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் 2009-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்றது அது. ஹரியானாவும் அதே ஆண்டு இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே மிஞ்சியதால், வயலில் நிற்கும் நெல் தாளைக் கொளுத்துவது விரைவான வழியாகிவிட்டது. அந்த நெருப்பு மூள்வது அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும். காற்று ஓய்ந்து, மூடி இறங்கத் தொடங்கும் அதே வாரங்கள். நீரைக் காக்க வந்த சட்டம், புகையின் தேதியை மோசமான வானிலையோடு சேர்த்துவிட்டது.

சராசரி சொல்லாதது

இந்த வடிவத்தின் விளைவுகளைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் தினசரி அளவுகளின் இடைநிலை 40 மைக்ரோகிராம்; அதாவது பாதி நாட்கள் அதற்குக் கீழே, பாதி நாட்கள் மேலே. பரவலின் அகலம் இரண்டு மடங்கு என்று கொள்வோம்: மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் 20-க்கும் 80-க்கும் இடையில் அடங்கும். இந்திய, சீன நகரங்களுக்கு இது அந்நியமான எண்ணன்று.

இந்த நகரத்தின் ஆண்டுச் சராசரி 40 ஆக இருக்காது. ஏறக்குறைய 51 ஆக இருக்கும். வாலில் உள்ள சில கொடிய நாட்கள் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுகின்றன. எனவே ஆண்டில் 64 விழுக்காடு நாட்கள் ‘சராசரியைவிட நல்ல’ நாட்களாகவே கழியும். அந்த ஊர்க்காரர் ஏதாவது ஒரு நாளில் வானத்தைப் பார்த்து, பத்திரிகையில் போடும் அளவுக்கு மோசமில்லையே என்று நினைத்தால், பெரும்பாலும் அவர் பார்த்தது சரியாகவே இருக்கும். மறுபக்கம், 80-ஐத் தாண்டும் நாட்கள் 58 மட்டுமே; ஆனால் ஆண்டு முழுவதும் நுரையீரலுக்குள் போகும் துகளில் சுமார் 38 விழுக்காடு அந்த 58 நாட்களில் போகிறது. எட்டு நாட்களுக்குச் சற்று அதிகமாக அளவு 160-ஐத் தாண்டும்.

ஆகவே ஆண்டுச் சராசரியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லா நாளும் வெளிவரும் புகையைக் குறைப்பது ஒன்று. வாலை வெட்டுவது இன்னொன்று. பள்ளிகளை மூடுவது, கட்டுமானத்தை நிறுத்துவது, லாரிகளைத் தடுப்பது போன்ற நெருக்கடிக் கால நடவடிக்கைகள் வாலை மட்டும் தொடுகின்றன. அந்த 58 நாட்களும் நச்சே இல்லாமல் போனாலும், மீதி 307 நாட்களின் பங்கான 62 விழுக்காடு அப்படியே இருக்கும்.

சென்னைவாசிகளுக்கும் இந்த வால் அறிமுகமானதுதான். கடற்காற்று தினமும் கழுவிவிடும் நகரம் அது. டெல்லியின் குளிர்காலம் அதற்குக் கிடையாது. ஆனாலும் 2018 ஜனவரி 13 அன்று, போகிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து விமான நிலையத்தை முடக்கின. விமானங்கள் தாமதமாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. காற்று நின்றிருந்த ஒரு விடியற்காலையில் ஊரே ஒரே நேரத்தில் கொளுத்தியதன் விளைவு அது.

கோடு போடும் இடம்

வால் இருப்பது தெரிந்தே சட்டங்களும் எழுதப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் வழிகாட்டு வரம்பை ஆண்டுக்கு 10-இலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஒரு நாளுக்கு 15. அந்தத் தினசரி வரம்பையும் ஆண்டில் மூன்று நான்கு நாட்கள் மீறலாம் என்று விட்டுக்கொடுத்தது. இந்தியாவின் 2009 தர அளவு ஆண்டுக்கு 40, நாளுக்கு 60. நூற்றுக்கு 98 நாட்கள் அதற்குள் இருந்தால் போதும், மீறும் இரண்டும் அடுத்தடுத்த நாட்களாக இருக்கக்கூடாது என்கிறது விதி. அமெரிக்காவில் நாளுக்கு 35. அங்கும் ஆண்டின் மிக மோசமான இரண்டு விழுக்காடு நாட்கள் கணக்கில் வராது. ஆண்டு வரம்பை அந்நாடு 2024 பிப்ரவரியில் 12-இலிருந்து 9-ஆகக் குறைத்தது.

வாலின் நுனியை வெட்டிவிட்டுக் கணக்குப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு. ஓர் ஆண்டின் உச்ச அளவு ஒரே ஒரு விபத்தாலோ கருவிக் கோளாறாலோ வரலாம். அதை வைத்து ஒரு நகரத்தைத் தண்டிக்க முடியாது. ஆனால் வால் தடிக்கத் தொடங்கினால் இந்தத் தாராளம் வேறு பொருள் பெறுகிறது. 2023 ஜூன் 7 அன்று கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க்கை மஞ்சளாக்கியது; காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. அமெரிக்க விதிகளில் ‘விதிவிலக்கான நிகழ்வு’ என்றொரு பிரிவு இருக்கிறது. காட்டுத்தீ, புழுதிப்புயல் போன்றவற்றால் கெட்டுப்போன நாட்களை, உரிய சான்றோடு விண்ணப்பித்தால், வரம்பு மீறல் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். நகரத்தின் ஆவணத்திலிருந்து அந்த நாள் நீங்கும். மூச்சுவிட்டவரின் உடலிலிருந்து நீங்காது.

நூற்றுக்குக் கீழே நெரிசல்

பரவலின் வடிவம் தெரிந்திருப்பதில் எதிர்பாராத ஒரு பயனும் இருக்கிறது. இயற்கை ஒரு வளைகோட்டை வழவழப்பாக வரையும். அதில் திடீரென்று ஒரு படிக்கட்டு தெரிந்தால் அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது.

2000-களில் சீன நகரங்கள் தினசரி மாசுக் குறியீட்டை வெளியிட்டு வந்தன. குறியீடு 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது ‘நீல வான நாள்’. ஆண்டுக்கு எத்தனை நீல வான நாட்கள் என்பதை வைத்து நகர அதிகாரிகளின் செயல்பாடு மதிப்பிடப்பட்டது. 2008-இல் ஸ்டீவன் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் பெய்ஜிங்கின் எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். 96 முதல் 100 வரை நாட்கள் குவிந்து கிடந்தன. 101 முதல் 105 வரை ஏறக்குறைய வெறிச்சோடியிருந்தது. 2014-இல் தாலியா கானெமும் ஜுன்ஜே ஜாங்கும் 2001 முதல் 2010 வரையிலான பல நகரங்களின் தரவை இதே கண்ணோடு சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி நகரங்களில் 100 என்ற கோட்டருகே அந்தப் படிக்கட்டு தெரிந்தது.

இந்த நிலையை உடைத்ததில் ஒரு கூரைக் கருவிக்கும் பங்கு உண்டு. பெய்ஜிங்கின் அமெரிக்கத் தூதரகம் 2008-இல் நுண்துகள் கருவி ஒன்றை வைத்து, மணிக்கு ஒருமுறை அளவை ட்விட்டரில் வெளியிட்டது. 2013 ஜனவரி 12 மாலை அது 886 மைக்ரோகிராமைக் காட்டியது. 500-இல் முடியும் அமெரிக்கக் குறியீட்டில் அந்த அளவுக்கான மதிப்பு 755. அதே ஆண்டு சீனா தன் நிலையங்களைத் தானியங்கி முறைக்கு மாற்றி, எண்களை உடனுக்குடன் வெளியிடத் தொடங்கியது. மாற்றத்துக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட, சற்றுப் பெரிய துகள்களையும் சேர்த்த பி.எம். 10 அளவு 35 விழுக்காடு உயர்ந்ததாக மைக்கேல் கிரீன்ஸ்டோன் குழு பின்னர் கணக்கிட்டது. காற்று கெட்டுப்போகவில்லை, எண் உண்மைக்கு அருகில் வந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்த வீழ்ச்சிக்கு மதிப்பு கூடியதும் இதனால்தான். 2013-இல் 89.5 ஆக இருந்த பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி, 2021-இல் 33-க்கு இறங்கி, நாட்டின் வரம்பான 35-ஐ முதன்முறையாக எட்டியது. நிலக்கரிக் கொதிகலன்களை மூடியது, வீடுகளுக்கு எரிவாயு கொடுத்தது, சுற்றியுள்ள மாகாணங்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது ஆகியவை அதற்குக் காரணங்கள். நம்பத்தகாத எண்ணோடு தொடங்கியிருந்தால் இந்த வெற்றியையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

யாருக்கான சராசரி?

ஒரு நகரத்தை விட்டு உலகத்துக்கு வந்தாலும் அதே கோணல் வடிவம் தொடர்கிறது. பின்லாந்து, ஐஸ்லாந்து, நியூசிலாந்து போன்ற சில நாடுகள் 10-க்குக் கீழே கூடி நிற்கின்றன. வங்கதேசமும் பாகிஸ்தானும் வட இந்தியாவும் வாலில் நிற்கின்றன. இங்கே சராசரி எடுப்பதிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. பூமிப் பரப்பின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால், சைபீரியாவும் சகாராவும்தான் விடையைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் கங்கைச் சமவெளி தீர்மானிக்கும். ஆய்வாளர்கள் பின்னதையே பயன்படுத்துகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூமிங் குவோ குழு, நிலைய அளவீடுகளையும் செயற்கைக்கோள் தரவையும் வானிலையையும் கணினிக் கற்றல் முறையால் இணைத்து, 2000 முதல் 2019 வரை உலகம் முழுவதுக்கும் தினசரி அளவை மதிப்பிட்டது. 2023-இல் வெளியான அந்த ஆய்வின்படி மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிட்ட உலகச் சராசரி 32.8 மைக்ரோகிராம். ஆண்டுக்கு 5 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் இருந்தது நிலப்பரப்பில் 0.18 விழுக்காடு, மக்கள்தொகையில் 0.001 விழுக்காடு. ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்!

இந்த எண்கள் உயிர்களாக மாறும் கணக்கிலும் கோடு நேராக இல்லை. 1993-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரை ஒன்றரைப் பதிற்றாண்டு பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். நுண்துகள் 11 ஆக இருந்த நகரத்தோடு ஒப்பிட்டால், 29.6 ஆக இருந்த ஓஹியோவின் ஸ்டூபன்வில்லில் இறப்பு வீதம் 26 விழுக்காடு அதிகம். இத்தனைக்கும் அன்றைய ஸ்டூபன்வில், இன்றைய இந்தியத் தர அளவில் ‘தூய்மையான’ ஊர். பின்னர் வந்த ஆய்வுகள், மாசு குறைவான இடங்களில் ஆபத்து செங்குத்தாக ஏறுவதையும், அளவு கூடக்கூடச் சரிவு தளர்வதையும் காட்டின. 100-இலிருந்து 90-க்கு வருவதைவிட 20-இலிருந்து 10-க்கு வருவது ஒவ்வொருவரின் ஆபத்தையும் அதிகம் குறைக்கும். பாதி தூரம் சுத்தம் செய்துவிட்டு நிறுத்தும் நகரம், பலனின் பெரும்பகுதியை எடுக்காமலே விட்டுவிடுகிறது.

அதற்குமேல் முதுமையும் வந்து சேர்கிறது. இதய நோயும் பக்கவாதமும் முதியவர்களையே அதிகம் தாக்கும். ஜோஷுவா ஆப்டே குழு 2015-இல் போட்ட கணக்கின்படி, இந்தியாவிலும் சீனாவிலும் மக்கள் முதுமையடைவதை ஈடுகட்டி, நுண்துகள் மரண வீதத்தை இருந்த இடத்திலேயே நிறுத்திவைப்பதற்கு மட்டுமே, அடுத்த 15 ஆண்டுகளில் சராசரி அளவு 20 முதல் 30 விழுக்காடு குறைய வேண்டும்.

இவை எல்லாமே அளவீட்டை நம்பி நிற்கும் கணக்குகள். 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, உலகெங்கும் உள்ள தன் தூதரகக் கருவிகளின் எண்களைப் பொதுவில் பகிர்வதை நிறுத்திவிட்டது. வேறு நம்பகமான கருவி இல்லாத நகரங்களில் அந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு அந்தந்த அரசுகளுடையது. இந்தியாவில் நிலைமை மேல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சென்னை, டெல்லி, கான்பூர் உட்படப் பல நகரங்களின் நிலைய வாரியான அளவுகள் மணிக்கு மணி பதிவாகின்றன. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணிதம் தெரிந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், தன் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் ஓராண்டு எண்களை எடுத்து, இறங்கு வரிசையில் அடுக்கி, இடைநிலை எது, சராசரி எது, முதல் 58 நாட்களின் பங்கு எவ்வளவு என்று ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டும்.